துடுப்பு நிற்காத கூழ்

மூன்று அண்டாக்களில் நடு அண்டாவில் குப்பம்மா கூழ் கிண்டும் துடுப்பை நட்டுவிட்டுக் கையை எடுத்தார். பம்பைக்காரர் முதல் அடி அடித்தார். இரண்டாவது அடிக்கு அவர் குச்சியை ஓங்குவதற்குள் துடுப்பு மெல்லச் சாய்ந்து, அண்டாவின் விளிம்பில் டங்கென்று மோதி, அப்படியே கூழின் மேல் மிதக்க ஆரம்பித்தது.

ஆடி மாதம், மூன்றாவது ஞாயிறு, காலை ஒன்பது மணி இருக்கும். அம்மன் கோயில் வாசலில் ஊரே நின்றது. ஈரச் சவுக்கு விறகின் புகை மட்டும் எல்லார் கண்ணிலும் போய்க்கொண்டிருந்தது.

அது என் மனைவியின் ஊர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் புகைக்கூண்டுகளைத் தாண்டி, நெல் வயல்களுக்கு நடுவே உள்ளே போக வேண்டும். அங்கே கூழ் ஊற்றுவதில் ஒரு சட்டம் உண்டு. கூழ் வெந்ததும் ஆளுயரத் துடுப்பை அதில் நட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பம்பை ஒன்பது அடி அடிக்கும்வரை துடுப்பு தானாக நிற்க வேண்டும். நின்றால்தான் கற்பூரம், கற்பூரம் காட்டினால்தான் கூழ். துடுப்பு விழுந்ததாக அந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை.

குப்பம்மா துடுப்பை எடுத்து மறுபடி நட்டார். மறுபடி டங். கரண்டியில் மொண்டு மேலிருந்து ஊற்றிப் பார்த்தார். பாத்திரம் கழுவிய தண்ணீராட்டம் சலசலவென்று இறங்கியது. இடது அண்டாவும் வலது அண்டாவும் அதே கதைதான்.

அந்தக் கூட்டத்தில், கூழ் ஏன் இப்படி ஆனது என்று தெரிந்த ஒரே ஆள் நான். காரணம், அதை அப்படி ஆக்கியவனே நான்தான்.

சர்க்கரை வெட்டும் உத்தியோகம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. மக்காச்சோள மாவு ஒரு பக்கம் உள்ளே போகும், குளுக்கோஸ் பாகு மறுபக்கம் வெளியே வரும். மிட்டாய்க்காரர்களும் பிஸ்கெட்காரர்களும் வாங்கிப்போவார்கள். எங்கள் கம்பெனி ஈக்கள் தொழிற்பேட்டையிலேயே கொழுத்தவை.

மாவு எப்படிப் பாகாகும் என்று கேட்டால் நான் விடமாட்டேன். அது என் பலவீனம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், முடி வெட்டுகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் என்று யாரும் தப்பியதில்லை. நீங்களும் தப்ப முடியாது.

குளுக்கோஸ் என்பது ஒற்றை ஆள். தனியாகத் திரியும்வரை தண்ணீரில் சட்டென்று கரைவார், நாக்கில் பட்டால் இனிப்பார். இரண்டு பேர் கைகோத்தால் மால்டோஸ். கைகோக்கும்போது ஒரு சடங்கு நடக்கும். இவரிடமிருந்து கொஞ்சம், அவரிடமிருந்து கொஞ்சம் கழன்று, இரண்டும் சேர்ந்து ஒரு துளி தண்ணீராக வெளியே போய்விடும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தண்ணீர். இப்படி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாக நின்றால் அதற்குப் பெயர் மாவுச்சத்து. அரிசி, கேழ்வரகு, உருளைக்கிழங்கு எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

சங்கிலியான பிறகு இனிப்பு போய்விடும். அதற்குப் பதிலாக வேறொரு குணம் வரும். சூடான தண்ணீரில் போட்டால் சங்கிலிகள் உப்பி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, சுற்றியிருக்கும் தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கஞ்சி கெட்டியாவது அதனால்தான். களி கிண்டும்போது கை வலிப்பதும் அதனால்தான்.

எங்கள் கம்பெனியில் இந்தச் சங்கிலியை வெட்டுகிறோம். வெட்டுவதற்கு நொதி என்று ஒன்று இருக்கிறது. அதைக் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிற இடத்தில் எல்லாம் ஒரு தண்ணீரைத் திரும்பக் கொடுத்துக்கொண்டே போகும். காலையில் கெட்டியாக இருக்கும் மாவுக் கரைசல் கொஞ்ச நேரத்தில் தண்ணீராகி, இனிக்க ஆரம்பித்துவிடும். இதைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுவதற்குத்தான் எனக்கு மாதா மாதம் சம்பளம்.

பாகுக் கம்பெனிக்கும் அம்மன் கோயில் கூழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கவே கூடாது. நான்தான் உண்டாக்கினேன்.

ஏசி அறையில் வந்த காதல்

என் மனைவி வசந்தி அப்போது பக்கத்து அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருந்தாள். அட்டையை ஒட்டும் பசைக்கு எங்களிடம்தான் மாவு வாங்குவார்கள். ஒரு கத்திரி வெயிலில், பசை ஒட்டவில்லை என்று புகார் சொல்ல வந்தாள். நான் மேற்படி சங்கிலிக் கதையை ஆரம்பித்து முக்கால் மணி நேரம் சொன்னேன். அவள் எழுந்து போகவே இல்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். என் வாழ்க்கையில் அதுவரை ஒருத்தரும் கடைசிவரை கேட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் உண்மை தெரிந்தது. எங்கள் சோதனைக்கூடத்தில் ஏசி உண்டு, அவர்கள் கம்பெனியில் கிடையாது. அவ்வளவுதான்.

நான் திருநின்றவூர்க்காரன். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் வர வேண்டுமென்றால் முதலில் சென்னைக்குப் போய், அங்கே ரயில் மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இப்படி மூக்கைச் சுற்றித் தொடுகிற வழியை வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தோம்.

கல்யாணம் என்று சொல்கிறேனே, அதற்குப் பெண் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

நாற்காலியிடம் பேசிய மாமனார்

மாமனார் கோதண்டம். ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறவர், கோயில் காரியங்களில் முன்னே நிற்கிறவர். எங்கள் கல்யாணத்தை அவர் மறுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, வெளியே சொல்லாதது. அதை நானும் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். இன்னொன்று, வெளியே சொன்னது. தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறவனுக்கெல்லாம் பெண் கொடுக்க முடியாது என்றாராம். அந்தக் கறிவேப்பிலையும் பிறகு பட்டுப்போனது என்பதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

அத்தை மட்டும் மத்தியான வேளைகளில் ரகசியமாக வசந்திக்குப் போன் செய்வார். மாமனார் வசந்தியிடம் பேசுவார், ஆனால் வீட்டுக்கு வா என்று சொல்லமாட்டார். என்னிடம் பேச்சே கிடையாது. என்னைப் பற்றிப் பேசியே ஆக வேண்டிய நேரத்தில் வேறு எதையாவது பார்த்துப் பேசுவார்.

ஒரு உறவுக்காரர் கல்யாண மண்டபத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். நான் பந்தியில் இடம் தேடி நின்றேன். மாமனார் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகைத் தட்டி, அதனிடம், “நின்னுக்கினே இருந்தா கால் வலிக்காதா” என்று கேட்டார். நான் உட்கார்ந்தேன். சாப்பாடு முடியும்வரை அவர் ரசத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வராமல் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் குதித்தேன். ஆனால் வசந்தி அழுவாளே என்ற பயத்தில் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன். இரண்டு வருடம் அவள் தன் பிறந்த வீட்டின் வாசலை மிதிக்கவில்லை. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நாலு படி மாவு

அந்த ஆடியில் அத்தையின் போன் வந்தது. கூழுக்கு வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு வாங்கும்போது, எங்கள் வீட்டு மாவும் வரட்டும் என்று மாமனார் சொன்னாராம். யாரிடம் சொன்னார் என்று கேட்டேன். மோட்டார் பம்பு செட்டைப் பார்த்துச் சொன்னார், அத்தை பக்கத்தில் நின்றார், அவ்வளவுதானாம்.

அந்த ஊரில் மாவு வாங்குவது என்றால் சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொரு வீடும் ஒரு படி மாவு கொடுக்கும். எல்லா மாவையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்துவிடுவார்கள். அதன் பிறகு எது யார் வீட்டு மாவு என்று அம்மனுக்கே தெரியாது. மாவு வாங்கப்படுகிற வீடு ஊரைச் சேர்ந்த வீடு. எங்களிடம் வாங்குகிறார்கள் என்றால் வசந்திக்கு வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம். அன்று அவள் சமைக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கடையில் ஒரு படி கேழ்வரகு மாவு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். நல்ல யோசனை. நான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் தடவை கொடுக்கிற மாவு, கடை மாவா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனியில் முளைகட்டிய தானியப் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை வந்ததும் மொட்டைமாடியில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்தேன். சத்து அதிகம், சீக்கிரம் செரிக்கும் என்று வசந்தியிடம் பெருமை வேறு. மற்ற வீடுகள் ஒரு படி கொடுத்தால் நான் நாலு படி கொடுத்தேன்.

தானியம் ஏன் முளைக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். குருத்துக்குப் பசிக்கும். சங்கிலியை அப்படியே விழுங்க அதனால் முடியாது. அதனால் முளைக்கும்போதே விதை தனக்குள் கத்தரிக்கோல்களைத் தயார் செய்துகொள்ளும். வெயிலில் காயவைத்தாலும் அவை சாவதில்லை, மாவுக்குள் தூங்கும். நான் கம்பெனியில் டப்பா டப்பாவாக வாங்குகிற அதே ஜாதிக் கத்தரிக்கோல். ஒரு கைப்பிடி முளைமாவு போதும், ஒரு குண்டான் கஞ்சியைத் தண்ணீராக்க. நான் கொடுத்ததோ நாலு படி.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். கூழைக் கெடுத்தவனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

போதாக்குறைக்கு சனிக்கிழமை சாயங்காலம் மழை. விறகு நனைந்துவிட்டது. ஞாயிறு விடியற்காலையில் குப்பம்மா நொய்யை வேகவைத்து, புளித்த மாவைக் கரைத்து ஊற்றியபோது அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. கூழ் நெடுநேரம் வெந்நீர்ச் சூட்டிலேயே கிடந்தது, தளதளவென்று கொதிக்கவே இல்லை. கொதித்திருந்தால் கத்தரிக்கோல்கள் செத்திருக்கும். கொதிக்காத வெந்நீர் என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம்.

வேப்பமரத்துக்குப் பின்னால்

துடுப்பு இரண்டாம் முறை விழுந்ததும் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு நப்பாசை. ஒருவேளை குப்பம்மா தண்ணீரை அதிகமாக ஊற்றியிருந்தால்? சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஊரே கலங்கி நிற்கும்போது சோதனை செய்யத் தோன்றுகிறவனை என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு தொன்னையில் கொஞ்சம் கூழை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். நாங்கள் வந்த வாடகை வண்டியின் முதலுதவிப் பெட்டியில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து இருந்தது. சங்கிலி முழுசாக இருந்தால் அயோடின் பட்டதும் கருநீலமாகும். வெட்டுப்பட்டிருந்தால் செங்காவி நிறம்தான் வரும். வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டு ஒரு சொட்டு விட்டேன். செங்காவி. இன்னொரு சொட்டு விட்டேன். அதே செங்காவி.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமனார்.

தனியாக இருக்கிறோம். அவர் கண்ணுக்குத் தெரிவது, மருமகன் அம்மன் கூழில் ஏதோ கறுப்பு மருந்தை ஊற்றிக்கொண்டிருக்கும் காட்சி. நேராகக் கேட்டாலோ இரண்டு வருட விரதம் கெட்டுவிடும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலி இல்லை, பம்பு செட்டும் இல்லை. வேப்பமரத்தில் குப்பம்மாவின் வெள்ளாடு கட்டியிருந்தது. ஆடு வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது.

மாமனார் ஆட்டின் பக்கம் திரும்பினார். “இந்த ஆளு கூழ்ல இன்னாத்தையோ ஊத்திக்கினு கீறாரே, இன்னான்னு கேளு.”

நான் என்ன செய்வேன். நானும் ஆட்டைப் பார்த்தேன். “அயோடின்னு சொல்லு. விஷம் இல்ல, புண்ணுக்குப் போடறதுன்னு சொல்லு.”

ஆடு இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலில் வாய் வைத்தது.

ஆட்டுக்கு ஒரு பாடம்

அதன் பிறகு எல்லாவற்றையும் ஆட்டிடம் ஒப்புக்கொண்டேன். முளைகட்டினது நான், நாலு படி கொடுத்தது நான், வசந்தி வேண்டாம் என்றுதான் சொன்னாள், அவள் மேல் தப்பில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒற்றைச் சர்க்கரை, கைகோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் வெளியே போகும் தண்ணீர், சங்கிலி, சிக்கு, கத்தரிக்கோல் என்று முழுப் பாடத்தையும் நடத்தினேன்.

ஆடு கவனமில்லாமல் மென்றுகொண்டிருந்ததால், அதற்குப் புரிகிற உதாரணமும் கொடுத்தேன். நீ தின்கிற வைக்கோலும் அதே குளுக்கோஸ்தான், கைகோக்கும் விதம் மட்டும் வேறு என்றேன். அரிசியில் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள், வைக்கோலில் ஆள் மாற்றி ஆள் தலைகீழாக நிற்பார்கள். அந்தக் கோப்பை வெட்டும் கத்தரிக்கோல் மனுஷன் வயிற்றில் கிடையாது, உன் வயிற்றுக்குள் குடியிருக்கும் கிருமிகளிடம் உண்டு, அதனால் உனக்கு வைக்கோல், எங்களுக்குச் சோறு என்று முடித்தேன்.

மாமனார் ஆட்டை ஒரு மாதிரி பார்த்தார். இதுவும் நாமும் தின்பது ஒரே சரக்கா என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது.

பிறகு அவர் ஆட்டிடம் சொன்னார்: “அறுக்கற நேரத்துல மழ புடிச்சிக்கிச்சுன்னா தாள்லயே நெல்லு மொளச்சிக்கும். அந்த அரிசிய ஆக்கனா சோறு கொழகொழன்னு இனிச்சிக்கினு இருக்கும். அதத்தான் இவ்ளோ நேரம் சுத்தி வளச்சிக்கினு கீறாரா?”

நான் மூன்று வருடம் பட்டம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் வருடா வருடம் மழையில் பார்த்திருக்கிறார். ஆமாம் என்று ஆட்டிடம் தலையாட்டினேன்.

“இதுக்கு வழி கீதான்னு கேளு” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. துடுப்பு விழுந்த வருடம் யார் முன்னே நின்றார் என்று ஊர் காலத்துக்கும் சொல்லும் அல்லவா.

வழி இருக்கிறது என்றேன். மூன்று அண்டாவும் தளதளவென்று கொதிக்க வேண்டும், மிச்சம் இருக்கிற கத்தரிக்கோல்கள் எல்லாம் சாக வேண்டும். அதன் பிறகு முளைக்காத மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டினால் புதுச் சங்கிலிகள் பிடித்துக்கொள்ளும். காய்ந்த விறகும் நிறைய மாவும் வேண்டும் என்றேன்.

எங்க ஊட்டு மாவு

முன்பக்கம் போனபோது நிலைமை மோசமாகியிருந்தது. குப்பம்மா துடுப்பைத் தரையில் போட்டுவிட்டு முந்தானையை உதறிக்கொண்டிருந்தார். தண்ணீர் அளவு தெரியாதவள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா, இத்தனை வருடம் துடுப்பு பிடித்த கை இது, இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அழாத குறையாகச் சொன்னார்.

அப்போதுதான் மாமனாரின் பங்காளி ஏழுமலை வாயைத் திறந்தார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். “அவ இன்னா பண்ணுவா. இந்த வருஷம் புது ஊட்டு மாவு வந்துச்சி, துடுப்பு படுத்துக்கிச்சி.”

பெண்கள் கூட்டத்தில் வசந்தி நின்றிருந்தாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் தலை குனிந்துகொண்டாள். சிரித்துக்கொண்டே இருந்த முகம் அப்படியே செத்துப்போனது.

ஏழுமலை சொன்னதில் வேடிக்கை என்னவென்றால், விடை சரி. காரணம்தான் கேவலம். பரீட்சைத்தாளாக இருந்தால் நானே பாதி மார்க் போட வேண்டியிருக்கும்.

எது நடந்தாலும் நடக்கட்டும், என் மாவுதான், என் புத்திசாலித்தனம்தான் என்று ஊர் முன்னால் சொல்லிவிடுவது என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். இனிமேல் அந்த வாசல் எனக்குத் திறக்காது, போகட்டும், குப்பம்மா மேலும் வசந்தி மேலும் பழி விழக் கூடாது என்று மட்டும்தான் தோன்றியது. மாமனாரின் கை குறுக்கே வந்து என் நெஞ்சில் பட்டு என்னைத் தள்ளி நிறுத்தியது. என் பக்கம் அவர் பார்க்கவில்லை.

“தப்பு மாவுல. குப்பம்மா மேல ஒண்ணும் கெடயாது” என்றார் அவர். கூட்டம் அடங்கியது. “மொளச்ச கேவுரு மாவு சேந்துபூடுச்சி. அது எங்க ஊட்டு மாவு. என் பொண்ணு ஊட்டு மாவு எங்க ஊட்டு மாவுதான். நான் பாத்து வாங்கியிருக்கணும், பாக்கல. அம்மாகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறன்.”

ஏழுமலை ஏதோ சொல்ல வந்தார். மாமனார் அவரிடமே, நீ போய் என் வீட்டுக் கொட்டகையில் இருக்கும் காய்ந்த விறகை ஏற்றிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அத்தையை அனுப்பி வீட்டிலிருந்த கேழ்வரகு மாவு மூட்டையைக் கொண்டுவரச் செய்தார்.

வசந்தியைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து தன் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த இரண்டு மணி நேரம் கம்பெனியில்கூட நான் அப்படி வேலை செய்ததில்லை. விறகு தள்ளினேன், மாவு கரைத்தேன், கட்டி தட்டாமல் ஊற்றினேன். குப்பம்மா முதலில் முறைத்துக்கொண்டு நின்றார், பிறகு நான் கிண்டும் லட்சணத்தைப் பார்க்கச் சகிக்காமல் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார். கொதித்த கூழ் தெறித்து என் முழங்கையில் பட்டது. அயோடின் மருந்து உருப்படியாகப் பயன்பட்டது அதற்குத்தான்.

உச்சி வெயிலில் குப்பம்மா மறுபடி துடுப்பை நட்டார். பம்பை அடித்தது. ஐந்தாவது அடியில் துடுப்பு லேசாக ஆடியதுபோல் இருந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்பது அடியும் அடித்து முடிந்து, கூட்டம் குலவை போட்ட சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தேன். துடுப்பு நின்றுகொண்டிருந்தது. மாமனார் கற்பூரம் ஏற்றினார்.

கூழ் ஊற்ற ஆரம்பித்தோம். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, என் கையில் ஒரு கரண்டி வந்து சேர்ந்தது. பக்கத்தில் மாமனார் தூக்குவாளியோடு நின்றார். முதல் சொம்பு ஏழுமலையுடையது. பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். மறுபடி ஒரு மடக்கு.

“கூழு இனிக்குது. யாரு வெல்லம் போட்டது?”

யாரும் போடவில்லை என்று குப்பம்மா சத்தியம் செய்தார். அடுத்தவர் குடித்தார், அவருக்கும் இனித்தது. அதற்கடுத்தவருக்கும் இனித்தது. ஏழுமலை கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அம்மா கோவிச்சிக்கினு துடுப்பைச் சாய்த்தாள், கோதண்டம் தப்பை ஒப்புக்கொண்டதும் மனசு குளிர்ந்து தன் கையாலேயே சர்க்கரை போட்டுவிட்டாள் என்றார். இரண்டு பெண்களுக்குச் சாமி வந்துவிட்டது. பம்பைக்காரர் நிறுத்தாமல் அடித்தார். இனித்த கூழுக்கு ஒரு சொம்போடு போக வேண்டியவர்கள் குடத்தோடு வந்தார்கள்.

இனிப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். காலையில் வெட்டுப்பட்ட துண்டுகள் எங்கே போகும், அவை கூழுக்குள்தானே இருக்கின்றன. எனக்கு நாக்கு அரித்தது. முன்னால் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒருத்தராலும் நகர்ந்து போக முடியாது, எல்லார் கையிலும் சோதனைப் பொருள் இருக்கிறது. இப்படி ஒரு வகுப்பு எனக்கு ஜென்மத்துக்கும் கிடைக்காது. கரண்டியை உயர்த்திக்கொண்டு, “அது வந்து, ரெண்டு குளுக்கோஸ் சேர்ந்தா” என்று ஆரம்பித்தேன்.

மாமனார் திரும்பினார். ஆட்டைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்க்கவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“வாய மூடிக்கினு ஊத்து மாப்ளே” என்றார்.

நான் மூடினேன். பத்துப் பதினைந்து பேருக்கு ஊற்றினேன். யாருக்கு ஊற்றினேன் என்று தெரியவில்லை.

வரிசையில் வசந்தி சொம்போடு வந்தாள். தூரத்திலிருந்தே பார்த்திருக்க வேண்டும். கூட்டத்தில் என்னை வாங்க போங்க என்பவள், அதை மறந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நைனா உங்கிட்ட பேசினாரா?” என்று கேட்டாள்.

பேசினார் என்றேன்.

“இன்னா சொன்னாரு?”

“வாய மூடச் சொன்னாரு.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நவுரும்மா, நவுரும்மா என்று பின்னால் குடங்கள் இடித்தன. நான் அவள் சொம்பு நிரம்பக் கூழ் ஊற்றினேன்.